எதிர்காற்றின் இருப்பும் பின்காற்றின் இன்மையும்: முப்பந்தல் சாலையை முன்வைத்து

நெடுந்தூரச் சைக்கிள் பயணிகளில் பின்காற்று அடித்ததாகச் சாட்சி சொன்னவர் எவருமில்லை. எதிர்காற்றைப் பற்றியோ ஆளுக்கொரு வாக்குமூலம் உண்டு. இந்த முரணை ஆராய, ஆனி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையைவிடத் தகுந்த களம் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கிடையே நெருக்குண்டு வேகமெடுக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மிச்சத்தைச் சைக்கிள்காரன் மார்பில் இறக்கிவைக்கிறது.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது இத்துறையின் மூத்த ஆவணம். ஆனால் அம்மி எந்தத் திசையில் பறந்தது என்று அது பதிவு செய்யவில்லை. நாகர்கோவிலை நோக்கிப் பறந்திருக்காது என்பது நம் துணிபு.

இனி கணக்கு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிப்பவனை 10 கி.மீ. காற்று எதிர்த்தால், அவன் உடம்பில் மோதுவது 30 கி.மீ. காற்று. வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ள நினைத்தால் தடை இரண்டேகால் மடங்கு. யாரும் நினைப்பதில்லை, 14-க்கு இறங்கிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது அதே காற்று தள்ள, 28-இல் பறப்பதாகக் கொள்வோம். 84 கி.மீ. தூரத்துக்குப் போக 6 மணி நேரம், வர 3 மணி நேரம். காற்று எவ்வளவு நேர்மையாக அடித்தாலும், ஒன்பதில் ஆறு மணி நேரம் அதைத் திட்டுவதிலேயே கழிகிறது.

மீதி மூன்று எங்கே போயிற்று என்பதுதான் இவ்வாய்வின் கரு. 28-இல் போகிறவனைப் பின்னாலிருந்து 10 கி.மீ. காற்று தள்ளினாலும், அவன் முகத்தில் 18 கி.மீ. காற்று வீசிக்கொண்டேதான் இருக்கும். தள்ளும் கையை அவன் உணர்வதே இல்லை. எனவே புகழ் முழுவதும் காலையில் தின்ற இட்லிக்கும், செயினுக்கு விட்ட எண்ணெய்க்கும், பெரும்பங்கு தொடைக்கும் போய்ச் சேர்கிறது.

கருவி வேண்டுவோர் காற்றாலையைப் பார்க்கலாம். அது காற்று வரும் திசைக்கே முகம் திருப்பி நிற்கும். நமக்கு முதுகைக் காட்டினால் எதிர்காற்று. முகத்தைக் காட்டினால், இன்று நம் கால்கள் பிரமாதம்.

சமூகவியல் விளைவு ஒன்றும் உண்டு. முன்னே போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் பின்னவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். வள்ளியூர் வரை முந்திக்கொண்டு ஓடிய கூட்டாளிகள், காவல்கிணறு தாண்டியதும் 'நீங்க மூத்தவங்க, முன்னால போங்கண்ணே' என்று மரியாதை பழகுவது இதனால்தான்.

பணகுடி டீக்கடைக்காரர் ஒருவர் மாற்றுக் கோட்பாடு சொன்னார்: "காத்து அது பாட்டுக்கு அடிக்கு அண்ணாச்சி. நீங்கள்லா எதுக்க போறீய!" அவர் கடை காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டப்பட்டிருப்பதால், அவரை நடுநிலைச் சாட்சியாக ஏற்க இயலவில்லை.