ஓடுமா, மாமா?

லினக்ஸ் வைத்திருப்பவனிடம் சம்பளம் கேட்கலாம், வயசு கேட்கலாம், இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்றுகூடக் கேட்கலாம். "இதுல கேம் ஓடுமா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. ஓடும் என்றால் உடனே ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஓடாது என்றால், "அப்புறம் எதுக்கு இதை வச்சிருக்கீங்க?" என்பார்கள். அதற்குக் கட்டற்ற மென்பொருள், பயனரின் சுதந்திரம் என்று நாம் தொண்டையைச் செருமுவதற்குள் கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

என்னிடம் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவன் என் அக்கா மகன். பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றது சென்னை சி-டாக்கில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அவன் சிநேகிதர்கள் வந்த வேகத்தில் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படங்களை ஏற்றிக்கொண்டார்கள். இவனை மட்டும் நான் விடவில்லை. "மாப்ளே, இதுலயே எல்லாம் ஓடும்டா" என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். "ஓடுதா மாமா?"

"ஓடுற மாதிரி இருக்குடா."

விஷயம் இதுதான். விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டு தன் கையால் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. இந்தக் கோப்பைத் திற, அந்தச் சத்தத்தை எழுப்பு, இங்கே ஒரு முக்கோணம் வரை என்று எல்லாவற்றுக்கும் விண்டோஸையே கூப்பிடும். லினக்ஸில் வந்து கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸ் குரலிலேயே பதில் சொல்லும் மென்பொருள்தான் வைன். 1993-இல் பாப் ஆம்ஸ்டட் என்பவரும் எரிக் யங்டேல் என்பவரும் தொடங்கியது. 1994 முதல் அலெக்ஸாந்த்ர் ஜூலியார் அதைத் தலைமையேற்று நடத்திவருகிறார். அதன் பெயரைக் கேட்டுவிட்டு என் அக்கா சொன்னதையெல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்க ஒருவரைப் போட்டிருப்பார்களே, வைனுக்கு அந்த வேலை. விளையாட்டு உள்ளே நுழைந்ததும், "சி டிரைவ் எங்கே?" என்று கேட்கும். லினக்ஸில் ஏது சி டிரைவ்? நம் ஹோம் ஃபோல்டரில் ஒரு மூலையைத் தடுத்து, 'டிரைவ்_சி' என்று பலகை மாட்டி, "இதுதாங்க, வாங்க" என்று கூட்டிப்போகும் வைன். "புரோகிராம் ஃபைல்ஸ்?" "உள்ளேயே இருக்குங்க." "ரெஜிஸ்ட்ரி?" "நோட்டுல எழுதியே வச்சிருக்கோம்ங்க." உண்மையிலேயே அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். விண்டோஸுக்குக் கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் சொன்னாலும் ஒன்று, சின்ன எழுத்தில் சொன்னாலும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஆகவே மாப்பிள்ளையின் சித்தப்பாவை யார் என்ன மாதிரி அழைத்தாலும் மண்டபம் முழுக்கத் தேடி அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதுவரை யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டுவிட்டால், முகத்தில் சிரிப்பு மாறாமல், சமையல்கட்டுப் பக்கம் திரும்பி 'ஃபிக்ஸ்மீ' என்று ஒரு வரியை எழுதிப் போட்டுவிடும். டெர்மினலில் அந்த வரிகள் ஓடும் வேகத்தைப் பார்த்தே விளையாட்டு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று ஜோசியம் சொல்ல நான் கற்றிருந்தேன்.

இப்படி உபசரித்து உபசரித்து வைனின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். 15 வருஷம். தொடங்கியபோது மனத்தில் இருந்தது விண்டோஸ் 3.1, முடித்தபோது எதிரே விஸ்டா நின்றது. மாப்பிள்ளையே மாறிவிட்டார்.

எந்த விளையாட்டு எப்படி ஓடும் என்று வைன்காரர்கள் ஒரு தரப்பட்டியல் வைத்திருந்தார்கள். பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், கடைசியில் குப்பை. ஆமாம், 'குப்பை' என்றே ஒரு தரம். தங்கம் என்றால், அங்கே இங்கே சிலவற்றைத் திருகினால் குறையில்லாமல் ஓடும் என்று பொருள். திருகுவது என்றால் லேசில்லை. விளையாட்டுக்கு விளையாட்டு தனி ஃபோல்டர் கட்ட வேண்டும். ஒன்றுக்குச் சேர்வது இன்னொன்றுக்குச் சேராது. வைன்டிரிக்ஸ் என்ற கருவியைக் கொண்டு விண்டோஸின் துண்டு துணுக்குகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பொருத்த வேண்டும். எழுத்துரு வந்தால் சத்தம் போகும். சத்தம் வந்தால் சுட்டி திரையை விட்டு வெளியே நடந்துவிடும். என் மாப்ளே பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்று முடித்து, "விடுங்க மாமா, நான் பிரவுசிங் சென்டர்லயே ஆடிக்கிறேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு விளையாட்டு மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் எப்போதும் ஓடியது. கண்ணிவெடியைத் தொடாமல் கட்டம் திறக்கும் மைன்ஸ்வீப்பர். வைன்காரர்களே ஒன்று எழுதி, கூடவே வைத்து அனுப்புகிறார்கள். மற்றவை ஏன் ஓடவில்லை என்று யோசிக்கும் நேரத்தில் அதை ஆடி ஆடி நான் அதில் பெரிய வித்வானாகிவிட்டேன். குடும்பத்தில் யாரும் இதை மதிப்பதில்லை.

நிலைமை திரும்பியதற்கு ஒரு தனிமனிதனின் ஆசை காரணம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. நியர்: ஆட்டோமேட்டா என்ற ஜப்பானிய விளையாட்டு 2017-இல் கணினிக்கு வந்தது. பிலிப் ரெபோலே என்பவருக்கு அதை லினக்ஸில் ஆட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? புலம்புவோம். அல்லது வேறு விளையாட்டைப் பார்ப்போம். அவர் விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலைக் கட்டளைகளை லினக்ஸுக்கும் புரியும் வல்கன் கட்டளைகளாக மாற்றித்தரும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுத உட்கார்ந்தார். தோசை சாப்பிட வேண்டும் என்று தோன்றியதும் வயலில் இறங்கி நாற்று நடுகிற ரகம். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அவரை அழைத்துச் சம்பளம் கொடுத்தது. 2018 ஆகஸ்டில் வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துக் கட்டி, 'புரோட்டான்' என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. முதலில் சரிபார்த்து அனுமதித்த பட்டியலில் நியர்: ஆட்டோமேட்டாவும் இருந்தது.

வால்வுக்கு லினக்ஸ்மேல் திடீர்ப் பாசமெல்லாம் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் தன் கடையைத் திறந்தபோது, அடுத்தவன் திண்ணையில் வியாபாரம் செய்கிறவனுக்கு வரும் பயம் அதற்கும் வந்தது. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்று லினக்ஸ் பெட்டிகளை இறக்கிப் பார்த்தது. ஆடப் போதிய விளையாட்டு இல்லாததால் அவை போணியாகவில்லை. புரோட்டான் வந்த பிறகு, 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பெட்டி வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ். வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதே வருஷம் எல்டன் ரிங் என்ற விளையாட்டு விண்டோஸில் விக்கி விக்கி ஓடியபோது, வால்வ் ஆட்கள் புரோட்டானில் கைவைத்து டெக்கில் அதன் திக்கலைக் குறைத்துக் காட்டினார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த வீட்டைவிட மாமியார் வீட்டில் நல்ல சாப்பாடு.

போன தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான். இப்போது வேலையில் இருக்கிறான். அவன் லேப்டாப்பில் லினக்ஸ் மட்டும்தான். ஏதோ ஒரு புது விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நான் ஆவலோடு நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

"ஓடுதாடா?"

"ஓடுமே. ஏன் ஓடாது?"

ஒரு பொத்தானை அமுக்கினான். ஓடியது. திருக ஒன்றுமில்லை, 'ஃபிக்ஸ்மீ' ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் நாற்காலியை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

பழைய விளையாட்டுகளில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்து சீடிக்கள் பலவற்றில் விளையாட்டு 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவுகிற புரோகிராம் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வைன் இன்னும் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய சீடியை விண்டோஸ் 11-இல் போட்டுவிட்டு, ஓடவில்லை என்று என்னிடம் கொண்டுவரும் சகாக்கள் உண்டு. "இதுக்கெல்லாம் லினக்ஸ் வேணும்ப்பா" என்று சொல்லும் சுகம் சாதாரணமானதல்ல.

ஆனால் இப்போது புது வம்பு. ஓடாத விளையாட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஓட முடியாததால் அல்ல, ஓட விடாததால். நாலு பேர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஒரு காவல் மென்பொருள் இருக்கும். அது விண்டோஸின் மையமான கர்னல் வரை இறங்கி வேவு பார்க்கும். வைன் காட்டுவது உபசாரக் கர்னல். காவலுக்கு அது போதாது. 2021-இல் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு காவல்களுமே புரோட்டானில் வேலை செய்ய வழி திறந்தன. விளையாட்டை உருவாக்கியவர்கள் சம்மதித்தால் போதும். ஈஸி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரர் எபிக் நிறுவனம். அதன் சொந்த விளையாட்டான ஃபோர்ட்நைட்டுக்கே அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வைனில் பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் வான்கார்ட் என்ற காவல் ஏறியதும் நின்றது. லினக்ஸில் ஒழுங்காக ஓடிய ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் அதே வருஷம் கதவைச் சாத்தியது. லினக்ஸ் பக்கமிருந்து வரும் ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள்.

ஐயா, விளையாட்டு நிறுவனத்தாரே, சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் ஏமாற்றுகிறவன் ஜெயிக்க வேண்டும் அல்லவா? நான் ஆடியதைப் பாருங்கள். துப்பாக்கியை எடுப்பதற்குள் செத்துப்போனவன் நான். ஒருமுறை வண்டியிலிருந்து இறங்கும்போதே செத்தேன். வேண்டுமானால் லினக்ஸ்காரர்களுக்கென்று தனி வரிசை போட்டு, எங்களை எங்களுக்குள்ளேயே ஆட விடுங்கள். கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதற்குள் பார்த்துச் செய்யுங்கள்.