பட்டா எங்க மாப்ள?

வாய்யா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. புதுசா பனியன் அடிச்சிருக்கீங்களாமே, முதுகுல 'கபடி எங்க பாட்டன் சொத்து'ன்னு போட்டு. நல்லாத்தான் இருக்கு. பட்டா இருந்தா எடுத்து வச்சுக்க. ஈரான்காரன் கேட்டா காட்டணும்ல?

கோவிக்காத. உங்க பெருமையில பொய் இல்ல. 1990-ல பெய்ஜிங்ல கபடியை ஆசிய விளையாட்டுல சேர்த்தாங்க. அதுல இருந்து 2014 வரைக்கும் ஏழு தடவை நடந்துச்சு, ஆம்பளைங்க தங்கம் ஏழும் இந்தியாவுக்கு. மத்தவன் எல்லாம் வெள்ளிக்குத்தான் மல்லுக்கட்டினான். அதனால பயிற்சிக்கெல்லாம் போய் உடம்பைக் கெடுத்துக்காத மாப்ள. பரம்பரையா ஜெயிக்கிறவனுக்கு தண்டால் எதுக்கு? பனியன் போதும்.

2014-ல இஞ்சியோன் பைனல் ஞாபகம் இருக்கா? இடைவேளையில ஈரான் எட்டுப் பாயிண்டு முன்னால. கடைசியில நாம 27, அவன் 25. நம்மாளுக தங்கத்தைப் பாத்தாங்க, அந்த ரெண்டு பாயிண்டைப் பாக்கல.

அப்புறம் 2018, ஜகார்த்தா. முதல்ல கொரியாக்காரன் ஒரு பாயிண்டுல சாச்சான். அரையிறுதியில ஈரான் 27-18. ஏழு தங்கம் வாங்குன வீட்டுக்கு வெண்கலம் வந்துச்சு. மறுநாள் பொம்பளைப் புள்ளைக பைனல். அங்கயும் ஈரான்தான், 27-24. அந்த ஈரான் புள்ளைகளுக்குக் கோச்சு யாருங்கிற? நம்ம நாசிக்கு ஊர்க்காரம்மா ஷைலஜா ஜெயின்! வீட்டுல இருந்த வாத்தியாரம்மாவை அடுத்தவன் கூட்டிட்டுப் போனான், நாம வழியனுப்பி வச்சோம். பெரிய மனசு நமக்கு.

பெரிய மனசு அதோட நிக்கல. பாசல் அத்ராசலின்னு ஒரு ஈரான்காரன், காலைப் புடிச்சா விடமாட்டான். நம்ம புரோ கபடியிலயே ஆட விட்டு, நம்ம ரைடருக எந்தப் பக்கம் திரும்புவாங்க, எப்பப் பாய்வாங்கன்னு பூராம் பாக்க வச்சோம். 2018 ஏலத்துல ஒரு கோடி ரூபாயும் குடுத்தோம். அதே வருஷந்தான் ஜகார்த்தா. படிக்க வச்சு சம்பளமும் குடுத்த ஆளுக நாமதான்.

ஈரான்காரனும் லேசுப்பட்டவன் இல்ல மாப்ள. மல்யுத்தம் ஊறுன நாடு அது. புடிங்கிறது அவனுக்குப் புதுசா? 'ஸூ'ன்னு ஒரே மூச்சுல பாடிக்கிட்டுப் போற விளையாட்டு அவங்க நாட்டுலயும் காலங்காலமா இருக்காம். பாட்டன் அவனுக்கும் உண்டு.

"2023-ல ஹாங்சோவுல தங்கத்தைத் திருப்பிட்டோமே"ன்னு வாயைத் திறக்கப் போற, தெரியுது. திருப்பினோம், திருப்பினோம். ஆனா எப்படி? ஈரான்கூட பைனல், முடிய ஒரு நிமிசந்தான் பாக்கி, 28-28. நம்ம பவன் செராவத் ரைடு போனாரு, யாரையும் தொடாம கோட்டுக்கு வெளிய போயிட்டாரு. ஈரான்காரனுக விரட்டிக்கிட்டே பின்னால வந்துட்டாங்க. பழைய ரூல்படி வந்தவனெல்லாம் அவுட்டு. புது ரூல்படி போனவன் மட்டும் அவுட்டு. எது ரூலுன்னு நடுவருக்கே தெரியல! ஒரு தீர்ப்பு, மாத்தித் தீர்ப்பு, மறுபடி மாத்தி. ஒரு தடவை நம்மாளுக ஆடுகளத்துலயே உக்காந்துட்டாங்க, இன்னொரு தடவை ஈரான்காரனுக. ஒரு மணி நேரம் நம்ம ஊர் பஞ்சாயத்து கெட்டுது. கடைசியில 33-29ன்னு நமக்கு. பொம்பளைப் புள்ளைக சைனீஸ் தைபேயை ஒரு பாயிண்டுல ஜெயிச்சுத் தங்கம் வாங்குச்சு, 26-25. அதை யாரும் பேசவே இல்ல. சண்டை இல்லாத தங்கத்துல ருசி கம்மி போல.

அதனால ரூல் புஸ்தகத்தையும் படிச்சிடாத மாப்ள. தெரிஞ்சுக்கிட்டா சண்டை போட முடியாது.

அது கிடக்கட்டும். ரைடுக்கு முப்பது செகண்டுதானே? இப்படியே மூச்சு விடாம 'கபடி கபடி'ன்னு அந்த வேப்பமரத்தைத் தொட்டுட்டு வா. போனை இங்க வச்சிட்டுப் போய்யா, செகண்டு எண்ணணும்ல.