36 படங்களும் ஒரு பென்சிலும்

அந்தமான் கடலுக்கடியில் நான் படமெடுக்கத் தொடங்கியபோது கையில் இருந்தது நிக்கோனாஸ் 5. நிக்கான் 1984-இல் கொண்டுவந்த கேமரா. தனிக்கூடு எதுவும் வேண்டாம், அப்படியே தண்ணீரில் இறங்கலாம். கடலை வெளியே நிறுத்தியவை சில ரப்பர் வளையங்கள், ஓ-ரிங் என்போம். முந்தைய இரவே அவற்றைக் கழற்றித் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் விரல்நுனியால் தடவி, விளக்கருகே சுற்றிப் பார்த்துப் பொருத்துவோம். ஒற்றைத் தலைமுடி சிக்கினாலும் உப்புநீர் உள்ளே புகுந்துவிடும்.

ஒரு சுருளுக்கு 36 படம். தண்ணீருக்குள் சுருள் மாற்ற வழியில்லை. ஸ்லைடு ஃபிலிமோ வெளிச்சம் சற்றுப் பிசகினாலும் பொறுக்காது. அதனால் முக்கியமான காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் எடுப்போம். அப்படிப் பார்த்தால் ஒரு டைவுக்கு 12 காட்சிதான். கிட்டத்தில் எடுக்க லென்ஸின் முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றை மாட்டுவோம். சட்டத்துக்குள் வருவது மட்டுமே ஃபோகஸில் இருக்கும். ஓடில்லாத கடல்நத்தைகள் பொறுமையாக இருக்கும். மீன்கள் கம்பியைக் கண்டதும் விலகிவிடும்.

அந்தமானிலிருந்து சுருள் சென்னைக்குப் போய், கழுவப்பட்டு, ஸ்லைடாகத் திரும்பி வரும்வரை என்ன பதிவாகியிருக்கிறது என்பது தெரியாது. வந்ததும் லைட் பாக்ஸில் பரப்பி, உருப்பெருக்கியால் பார்த்துத் தேறியவற்றைப் பிரிப்போம். தேறிய ஒவ்வொன்றின் அட்டைச் சட்டத்திலும் பென்சிலால் எழுதுவோம்: வண்டூர், 8 மீட்டர், தேதி. படம் குறைவு என்பதால் எழுதுவது சுமையாகத் தெரியவில்லை.

நிக்கோனாஸ் உற்பத்தி 2001-இல் நின்றது. இன்று அலுமினியக் கூட்டுக்குள் டிஜிட்டல் கேமரா. கிரீஸும் ஓ-ரிங்கும் அப்படியே தொடர்கின்றன, மற்றவற்றில் பலவும் மாறிவிட்டன. வெளிச்சம் கூடினால் திரையிலேயே தெரிகிறது. ஃபிளாஷைக் குறைத்து மறுபடி எடுக்கலாம். சென்னைவரை போய் வந்த பாடம் இப்போது அந்த டைவிலேயே கிடைத்துவிடுகிறது. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 15 மீட்டரில் செந்நிறக் கடல்விசிறியும் மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். ஆழம் குறைந்த இடத்தில் எடுத்த ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸைத் திருத்தி அந்த நிறத்தை ஓரளவு மீட்கலாம். சிவப்பே எட்டாத ஆழத்தில் அன்றுபோலவே ஃபிளாஷ்தான் கதி.

எனக்குப் பெரிய வரம் படங்களின் எண்ணிக்கைதான். கோமாளிமீனின் ஆண், கடல்சாமந்தியின் அடியில் பாறையில் ஒட்டிய முட்டைகளுக்குத் துடுப்பால் ஓயாமல் நீர் விசிறும். வாயால் அவற்றைச் சுத்தம் செய்யும். முட்டை முதிர முதிர உள்ளே குஞ்சுகளின் கண்கள் வெள்ளியாய் மின்னும். ஃபிலிமில் இதில் ஒரு கணத்தைத்தான் பிடிக்க முடிந்தது. இன்று அந்த மீன் செய்யும் வேலை முழுவதையும் பின்தொடரலாம்.

ஆனால் டிஜிட்டல் ஒன்றை மட்டும் எழுதித் தருவதில்லை. நேரம், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் கோப்பிலேயே பதிகின்றன, இடம் பதிவதில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை கடல்நீரைத் துளைத்து வராது. இளம் டைவர்கள் காட்டும் அருமையான படங்களைப் பார்த்து, "இது எந்தப் பாறை, தம்பி?" என்று கேட்டால் பலருக்கும் நினைவிருப்பதில்லை.

இது சின்ன விஷயமல்ல. 1998-இலும் 2010-இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன. ஒரு பவளத்திட்டில் என்ன இருந்தது, எது பிழைத்தது, எது போனது என்று ஒப்பிட, அதே இடத்தின் பழைய படம் வேண்டும். பென்சில் குறிப்புள்ள ஸ்லைடு நம்மை அந்தத் திட்டுக்கே திருப்பி அழைத்துப் போகும். கடற்கரை ஈரத்தில் ஸ்லைடில் பூஞ்சை படர்கிறது. ஆகவே என்னுடையவற்றை ஸ்கேன் செய்து வருகிறேன், அட்டையில் உள்ள எழுத்தையும் சேர்த்து.

என்னுடன் டைவுக்கு வருபவர்களிடம் ஒன்றைத்தான் வற்புறுத்துகிறேன். படகில் ஏறியதும், திரையில் படங்களைப் புரட்டுமுன், திட்டின் பெயரையும் ஆழத்தையும் எந்தப் பக்கச் சரிவு என்பதையும் நோட்டில் எழுதுங்கள். நாளை ஒருவர் அதே பவளத்தைத் தேடி இறங்கும்போது, எத்தனை மெகாபிக்சலில் எடுத்தோம் என்பது அவருக்கு உதவாது. அந்த இரண்டு வரிதான் உதவும்.