காற்றுதான் எதிரி!

கே: வெல்டிங் ராடின் மேல் பூச்சு எதற்கு? கம்பி மட்டும் போதாதா? (மேலூர் வாசகர்)

ப: கம்பி உருகும், ஒட்டு நிற்காது. உருகிய இரும்பு காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். ஆறியபின் உள்ளே துளை துளையாக இருக்கும், ஒரு பாரம் ஏறினால் பொட்டென்று விட்டுவிடும். பூச்சு எரிந்து, புகையாகச் சூழ்ந்து காற்றை விரட்டுகிறது. மிச்சம் கசடாகி மேலே மூடுகிறது. பட்டறையில் சுத்தியலால் தட்டி உதிர்ப்பது அதைத்தான். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய ராடைச் சூட்டில் உலர்த்தாமல் எடுக்காதீர்கள். ஈரத்தின் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து வெடிப்பு விடும்.

கே: மாடிப்படி எவர்சில்வர் கைப்பிடிக்கு மட்டும் ஏன் ஆர்கான்? (கே.கே.நகர் வாசகி)

ப: ஆர்கான் எதனோடும் ஒட்டி உறவாடாத வாயு. அதன் காவலில், 3,400 டிகிரி தாண்டினால்தான் உருகும் டங்ஸ்டன் முனை நெருப்பை மட்டும் தருகிறது. கசடும் இல்லை, பொறியும் தெறிப்பதில்லை. கைப்பிடியைத் தடவிப் பாருங்கள், கூலி ஏன் கூடுதல் என்று விரல் சொல்லும்.

கே: கரண்டே இல்லாத இடத்தில் தண்டவாளத்தை ஒட்டுகிறார்களே, எப்படி? (திருமங்கலம் வாசகர்)

ப: தெர்மிட். இரும்பு ஆக்சைடு தூளையும் அலுமினியத் தூளையும் கலந்து பற்றவைத்தால், இரும்பிடமிருக்கும் ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொள்கிறது. அந்தச் சண்டையில் சுமார் 2,500 டிகிரி சூடு! வெள்ளைக் குழம்பாக இறங்கும் இரும்பு, மணல் அச்சுக்குள் இரு தண்டவாள முனைகளையும் உருக்கிச் சேர்க்கிறது. 1890களில் ஜெர்மானியர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் கண்டது. மதுரைப் பக்கம் தண்டவாளம் போடும் இடங்களில் இன்றும் அதுவே கை கொடுக்கிறது.

கே: புதிய பாம்பன் பாலத்தின் ஒட்டுகளை எப்படி நம்புவது? (பரமக்குடி வாசகர்)

ப: 1914ல் திறந்த பழைய பாலம் ரிவெட் அடித்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி வெல்டிங். கருவிலிருக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல, கேளா ஒலி அலையை ஒட்டுக்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள். திருச்சியில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இந்தச் சோதனை முறைகளையும் கற்றுத்தருகிறது. நம் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் அங்கே போக வேண்டும்.

கே: வெல்டிங் வெளிச்சம் பார்த்த என் மகனுக்கு ராத்திரி கண்ணில் மண் விழுந்தது போல உறுத்துகிறது. தாய்ப்பால் விடலாமா? (செல்லூர் வாசகி)

ப: கூடவே கூடாது. புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது; சில மணி நேரம் கழித்தே வலி தெரியும். கசக்க விடாதீர்கள், கண் மருத்துவரிடம் காட்டுங்கள். 1976லேயே அரவிந்த் கண் மருத்துவமனை எழுந்த மதுரையில் இதற்குக் கைவைத்தியம் எதற்கு? பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது, முகக்கவசம் போடுங்கள். ரோட்டோரம் என்றால் தகரத் தட்டி வைத்து மறையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள்.