தறி ஓடிய தெருவில் ஹெட்போன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அப்போது சத்தம் என்றால் தறிச் சத்தம்தான். நெசவாளர்கள் குடியிருந்த பேட்டை இது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இந்த ஊர்ப் பெயர் வருகிறது. வீட்டுக்கு வீடு தறிக்குழி. மிதிக்கட்டை ஏறி இறங்க, நாடா அங்கும் இங்கும் ஓட, விடியலில் தொடங்கினால் விளக்கு வைக்கிறவரை ஓயாது. அந்தச் சத்தத்திலேயே படித்தோம், பகலில் தூங்கினோம். எந்த வீட்டிலாவது தறி நின்றுபோனால்தான் பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நூல் தீர்ந்ததா, ஆளுக்கு உடம்பு முடியவில்லையா என்று பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

பாட்டு கேட்க வேண்டுமென்றால் 'சொல்தா' வீட்டுத் திண்ணை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த பெரியவர் அவர். இலங்கை வானொலியைத் திருப்பி, தெருவுக்கே கேட்கட்டும் என்று கூட்டி வைப்பார். யாரும் குறைக்கச் சொன்னதில்லை.

இப்போது தெருவில் தறி இல்லை. குழியை மூடி டைல்ஸ் போட்டு, மேலே மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். போர் மோட்டார், மிக்ஸி, சீரியல், கிரில் பட்டறை, முட்டுச்சந்திலும் ஹார்ன். சுவர்கள் ஒட்டி நிற்பதால் எல்லாம் எல்லா வீட்டிலும் கேட்கிறது. இரண்டு அறை வீட்டில் நீட் தேர்வுக்குப் படிக்கும் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, ஒரு ஹெட்போன் வாங்கித் தாங்க. பாட்டுக்கு இல்ல, எதுவும் கேக்காம இருக்கணும்." மூவாயிரம் ரூபாய்க்குள் என்று முடிவு செய்துகொண்டு நேரு வீதிக்குப் போனோம்.

கடைக்காரத் தம்பி அடுக்கிய பெட்டிகளில் பாதியில் இஎன்சி என்றும் பாதியில் ஏஎன்சி என்றும் போட்டிருந்தது. இந்த ஓர் எழுத்தில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். இஎன்சி, நாம் போனில் பேசும்போது எதிர்முனைக்காரருக்கு நம் தெருச் சத்தம் போகாமல் தடுப்பது. நம் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டியது ஏஎன்சி. வெளியே இருக்கும் சிறு மைக் சத்தத்தைப் பிடிக்க, உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடும். இரண்டும் மோதி அடங்கும்.

பால் லூக் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். அதை ஹெட்போனுக்குள் கொண்டுவர முனைந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். 1978இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பும் விமானத்தில், இன்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல், அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். பொதுமக்கள் கைக்கு அது வர 2000 ஆனது. அவருடைய தந்தை வங்கத்தில் வெள்ளையரை எதிர்த்து, தப்பி அமெரிக்கா போனவர். அதே வங்கத்திலிருந்து அரவிந்தர் 1910இல் தஞ்சம் தேடி வந்தது எங்கள் புதுச்சேரிக்கு. அதனால் எனக்கு போஸ்மேல் தனிப் பிரியம்.

பெட்டியில் உள்ள 30 டெசிபல், 45 டெசிபல் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைக்கும் உச்ச அளவு அது. கடையிலேயே சோதித்துவிடலாம். பாட்டே போடாமல் மாட்டிக்கொண்டு ஸ்டாண்டு ஃபேன் பக்கத்தில் நின்றாள். பொத்தானை அழுத்தியதும் ஃபேனின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இறங்கியது. தம்பியின் பேச்சு ஏறக்குறைய அப்படியே கேட்டது. இதன் சுபாவமே அதுதான். மோட்டார், பஸ் இன்ஜின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலியை நன்றாக அடக்கும். ஹார்னும் சீரியல் வசனமும் தப்பித்து வந்துவிடும்.

காதை முழுதாக மூடுகிற வகை இன்னும் நன்றாகத் தடுக்கும்தான். ஆனால் ஏசி இல்லாத வீட்டில், நம் கடற்கரைப் புழுக்கத்தில் அரை மணிக்குள் காது வியர்த்துவிடும். மெத்தையின் ரெக்சின் உரியும். அதனால் இயர்பட்ஸ் எடுத்தோம். கூட வந்த மூன்று அளவு ரப்பர் முனைகளில் மாட்டியிருந்தது நடு அளவு. அவளுக்குச் சிறியதுதான் பொருந்தியது. அதை மாற்றியதும் பேச்சுக்குரலும் கொஞ்சம் மங்கியது. விலையைக் கூட்டாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இந்த ரப்பர்தான். அவசரப்படாமல் மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். மீதிக் குரல்களுக்கு, மழைச் சத்தத்தை மெல்ல ஓடவிடச் சொன்னேன். வால்யூமைக் கூட்டினால் வாங்கியதே வீண். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அது எங்கள் தெருவில் நடந்தால் அந்தப் பிள்ளை காதை அடைத்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கர் கட்டும் நாட்களுக்கு இந்த இயர்பட்ஸ் தாங்காது. அன்றைக்கு மட்டும் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். 1827இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது; அங்கே உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை.