நிற்கத் தெரிந்த பை

பொருளைச் சுமப்பதுதான் பையின் வேலை என்று முன்னோர் தப்பாக நினைத்துவிட்டார்கள். பையின் வேலை நிற்பது. மேசைமேல் வைத்தால் சாயாமல், குழையாமல் விறைப்பாக நிற்க வேண்டும். சொந்தமாகப் பை தைக்கும் அன்பர்கள் உள்ளே ஃபோம் வைப்பது அதற்காகத்தான்.

ஃபோம் தேர்வு சுலபம். தைத்துப் பொருத்துவது, ஒரு பக்கம் ஒட்டுவது, இரு பக்கமும் ஒட்டுவது என மூன்றே வகை. பெண் பார்க்கும் படலம்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். என் ஓட்டு இரு பக்கமும் ஒட்டுவதற்கே. துணியோடு ஒட்டும், அசந்தால் இஸ்திரி மேசையோடும் ஒட்டும். சூடு கூடிப்போய் ஃபோம் தட்டையானால் பதற வேண்டாம், இன்னொரு மீட்டர் வாங்கினால் போயிற்று.

தையல் ஓரத்து ஃபோமை மட்டும் நறுக்கிவிட்டால் தடிமன் குறையும் என்கிறார்கள் சில அனுபவசாலிகள். கோழைகள்! மேல்துணி, ஃபோம், உள்துணி, ஜிப், மறுபடி உள்துணி, ஃபோம், மேல்துணி. அத்தனையையும் ஊசி ஒரே மூச்சில் கடக்க வேண்டும். 16ஆம் நம்பர் உடைந்தால் 18. அதுவும் உடைந்தால் மெஷினை மாற்றலாம், கொள்கையை மாற்றக் கூடாது. பிறகு உள்துணியில் விட்ட நாலு விரல் இடைவெளி வழியே முழுப் பையையும் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். அதற்கு வீட்டில் திடகாத்திரமான ஆள் ஒருவர் இருப்பது நல்லது.

சில்லறை பர்ஸுக்கும் இதே ஃபோம்தான். சில்லறைக்கு இடமிருக்காது, யுபிஐ வந்த பிறகு சில்லறை எதற்கு?

போன வாரம் தோழி ஒருவர் தன் புதுப் பையைக் காட்ட வந்தார். அழுக்குப் படாமலிருக்க ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். அதிலேயே அவருடைய சாவியும் குடையும் அரைக் கிலோ வெண்டைக்காயும் இருந்தன.