மாமாவும் மூலப் பத்திரமும்

மாமா பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் அதன் அழகு அவர் கண்ணில் படாது, வில்லங்கம்தான் படும். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபைச் சுற்றிப் பார்க்க இவரைவிடப் பொருத்தமான துணை கிடையாது என்பது என் கட்சி. எது அசல், எது நகல் என்று அங்கே சுற்றுலாக்காரனுக்குச் சுலபத்தில் பிடிபடாது.

ஊர் நடுவில் கோட்டை. ரோமர்கள் வளைத்த இடம், நார்மன்கள் எழுப்பிய மண்மேடு. கூட்டம் வாய் பிளந்து நிற்பது இந்த இரண்டுக்கும் அல்ல. நிலக்கரித் துறைமுகத்தால் பணம் கொழித்த மூன்றாம் ப்யூட் பிரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்து, இடைக்காலத்தைத் தன் இஷ்டத்துக்குக் கற்பனை செய்து, தங்கமும் வண்ணக் கண்ணாடியுமாக இழைத்த அறைகளுக்கு.

மாமா முகம் மலர்ந்தது மதிலைப் பார்த்துத்தான். புதைந்து கிடந்த ரோமானியச் சுவர் கிடைத்ததும் அதன்மேல் புதுச் சுவர் எழுப்பியவர்கள், பழசு எதுவரை என்று செந்நிறக் கல்லால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"யோக்கியன்ப்பா. எல்லைக்கல் நட்டிருக்கான்!"

1947-இல் ஐந்தாம் பிரபு கோட்டையை ஊருக்கே கொடுத்துவிட்டார் என்றேன்.

"தான செட்டில்மென்ட்டா? முத்திரைத்தாள் யார் செலவு?"

மழை பிடித்துக்கொண்டது. கார்டிஃபில் இது செய்தியே அல்ல.

கடலோரம், மெர்மெய்ட் கீ பகுதியில் ஒரு சுவர் முழுக்கப் பூ, படம், கடிதம். யான்டோ ஜோன்ஸ் என்ற இளைஞனுக்கு அஞ்சலி. மாமா குல்லாயைக் கழற்றிவிட்டு, "பாவம், சின்ன வயசு" என்று கண்மூடி நின்றார். 'டார்ச்வுட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் 2009-இல் செத்துப்போன கதாபாத்திரம் மாமா அது, என்று மெல்லச் சொன்னேன். நடிகருக்குக்கூட இல்லை, பாத்திரத்துக்கு.

"பொறக்கவே இல்லையா? அப்புறம் எப்படிடா செத்தான்?"

பதிவுத்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்கு வரவேண்டிய சந்தேகம்தான்.

செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகம்தான் என்னைக் கேட்டால் முதல் இடம். 1948-இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. வேல்ஸின் மூலை முடுக்கிலிருந்து பண்ணை வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் என்று பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். கார்டிஃபிலேயே இருந்த வல்கன் என்ற மதுக்கடையும் இப்படிப் பெயர்ந்து வந்து, 2024-இல் திறந்து, பீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. "நிலம் ஒரு சர்வே நம்பர், கட்டடம் இன்னொரு சர்வே நம்பரா!" என்று மாமா தலையில் கை வைத்தார்.

மெர்தர் டிட்ஃபிலிலிருந்து வந்த இரும்பாலைத் தொழிலாளர் வீடுகள் ஆறு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலம்: 1805-இல் தொடங்கி 1985-இல் முடியும். முதல் நான்கையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோரணையில் பார்த்தார். 1955-இல் லேசாக நெளிந்தார். கடைசி வீட்டின் டிவியையும் சோபாவையும் பார்த்ததும் குரல் ஏறிவிட்டது.

"இதையெல்லாமா மியூசியத்துல வெச்சிருக்கான்? நம்ம வீட்டு ஹாலை உங்க அத்தை இன்னும் தினம் பெருக்குறா!"

அடுத்து நின்ற பள்ளிப் பிள்ளைகள் அவரையும் காட்சிப் பொருளாக நினைத்தார்களோ என்னவோ, ஒரு பெண் படமெடுத்துக்கொண்டாள்.

கேர்ஃபிலி கோட்டை ரயிலில் கொஞ்ச தூரம். 1268-இல் தொடங்கியது, வேல்ஸிலேயே பெரியது. அதன் ஒரு கோபுரம் ஏறக்குறைய 10 டிகிரி சாய்ந்து நிற்கிறது. பைசா கோபுரத்தின் சாய்வு அதில் பாதிகூட இல்லை. விளம்பரம் மட்டும் இத்தாலிக்கு. கோபுரத்தடியில், இந்தக் கோட்டையைச் செப்பனிட்ட நான்காம் ப்யூட் பிரபுவை மரச்சிலையாக வடித்து, கோபுரம் விழாமல் முட்டுக்கொடுப்பதுபோல் நிறுத்தியிருக்கிறார்கள். மாமா சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு குடையை என்னிடம் நீட்டிவிட்டு, பிரபுவுக்குப் பக்கத்தில் போய் இரண்டு கையையும் உயர்த்தி நின்றார். நான் செல்போனை எடுத்தேன்.

"போட்டோ அப்புறம் எடுக்கலாம். முதல்ல நீ வந்து அந்தப் பக்கம் புடி!"